பனி விற்கும் ஊரும் உன் லீக்ஸ் பாத்தியும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஆவணி மாதம்.

அன்பின் ராஜி,

நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சித்திரைக்குப் பிறகு வந்த உன் கடிதத்துக்கு இன்றுவரை பதில் போடாததற்கு நீ என்னென்ன திட்டியிருப்பாய் என்பது நாகேஸ் டீச்சரின் குரலிலேயே எனக்குக் கேட்கிறது. விசாவுக்காக ஓர் அலுவலகத்தின் வாசலில் வங்கிக் கணக்கு விபரம், காணி உறுதி, ஓய்வூதியப் பத்திரம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைச் சுமந்துகொண்டு நின்றதிலேயே வைகாசி கழிந்தது. ஆனியில் சுவிஸின் பேர்ணிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய், ஆடி முடியும் தறுவாயில் திரும்பினேன். முழங்கால் பழையபடிதான், சீனி வருத்தம் அடங்கிக் கிடக்கிறது, மேல்மாடிக்காரர் இன்னமும் அதிகாலையில் தளபாடம் இழுக்கிறார். நிற்க.

லீக்ஸ் போட்டிருக்கும் காணியை வங்கியில் ஈடு வைத்து, பன்னிரண்டு அறைகளுடன் ஒரு விடுதி கட்ட உன் மகன் ரமணன் நினைக்கிறான், நான் கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டிருந்தாய். அப்போது அதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு உன்னை செர்மாட் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். பொறுமையாக வாசி.

சுவிஸின் தெற்கே, இத்தாலிய எல்லையோரமாக, மாட்டர்ஹோர்ன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. வருடத்தின் 365 நாளும் பனிச்சறுக்கு நடக்கும் என்பதுதான் அதன் விளம்பரம். நான் அங்கே போனது தங்கையின் பேத்தி அபியின் பொருட்டு. அவள் சேர்ந்திருக்கும் பனிச்சறுக்குக் கழகத்தின் கோடைப் பயிற்சி அங்கேதான் நடந்தது. எங்கள் கூட்டத்தில் இதுவரை சறுக்கியவர் என்று யாராவது இருந்தால், அது மழை நாளில் விடுதிப் படிக்கட்டின் உச்சியிலிருந்து வார்டன் அம்மாவின் காலடிவரை வந்து சேர்ந்த நீதான். அந்தச் சாதனையை அபி முறியடித்துவிட்டாள்.

பெற்றோல் வாகனங்களில் வருபவர்கள் ஐந்து கிலோமீற்றருக்கு முன்னால் டேஷ் என்னுமிடத்திலேயே காரை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிடம் ரயிலில் போகவேண்டும். ஊருக்குள் ஓடுபவை மின்சாரத்தில் இயங்கும் சிறிய பெட்டி வண்டிகள். நம்முடைய ஒழுங்கையில் மாலையில் பாட்டுப் போட்டுப் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவை இன்னும் கொஞ்சம் சதுரமாக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தன, பாட்டு மட்டும் இல்லை. காலையில் கறுத்தக் கழுத்தும் வெள்ளை உடம்பும் கொண்ட ஆடுகளைச் சிறுவர்கள் கடைத்தெரு நடுவே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கைக்கடிகாரக் கடை வாசலில் ஓர் ஆடு நின்று பூச்சட்டியிலிருந்த செடியை நிதானமாகத் தின்றது, ஒருவரும் விரட்டவில்லை. ஏப்ரல் சீசனில் உங்கள் நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றி வான்களும் பஸ்களும் நகராமல் நிற்க, நீ பாலும் பாணும் வாங்க முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கேள். செர்மாட் ஊர் இருப்பது 1608 மீற்றர் உயரத்தில். உன் நுவரெலியா 1868 மீற்றர். உலகத்துப் பணக்காரர்கள் எல்லாம் காசைக் கொட்டி ஏறி வரும் ஊரைவிட 260 மீற்றர் மேலே நின்றுகொண்டு நீ கரட்டுக்கு உரம் போடுகிறாய். இனிமேல் உன்னிடம் மரியாதையாகத்தான் பேசவேண்டும் போலிருக்கிறது.

ஊருக்குள் நல்ல வெயில். கட்டைக் காற்சட்டை போட்டவர்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்களுக்கிடையே பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்தபடி, முழங்கால்வரை வரும் கனத்த சப்பாத்துகள் கல் வீதியில் டக்கு டக்கென்று அடிக்க, சிலர் மலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேபிள் காரில் மேலே போனேன். கடைசிப் பகுதியில் ஓடுவது 2018இல் திறந்த புதியது. கீழே முதலில் பைன் மரங்கள், பிறகு புல், பிறகு வெறும் பாறை, பிறகு பிளவு விழுந்த சாம்பல் நிறப் பனியாறு. உச்சிப் பார்வை மேடை 3883 மீற்றரில் இருக்கிறது. உன் பிதுருதலாகல மலைக்கு மேல் இன்னும் 1350 மீற்றர் ஏறியதாக வைத்துக்கொள். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே இல்லை. பத்துப் படி ஏறியதும் நின்று, காட்சியை ரசிப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கினேன்.

அபியைத் தேடினேன். வரிசையாக நட்ட சிவப்பு நீலக் கம்புகளுக்கிடையே எல்லாப் பிள்ளைகளும் ஒரே உடையில் வந்ததால், கீழே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோதுதான் அவளை அடையாளம் கண்டேன். காலையில் தங்கை பூசிவிட்ட திருநீறு, வெள்ளையாகத் தடவியிருந்த வெயில் களிம்போடு கலந்து நெற்றியில் திட்டாகக் கிடந்தது. பயிற்சியை விடியற்காலையில் ஆரம்பித்து, மதியத்துக்குமுன் முடித்துவிடுகிறார்கள். இரவில் இறுகிய பனி வெயில் ஏற ஏற இளகி, சப்பாத்துப் புதையுமளவுக்கு ஆகிவிடுகிறது. அதன் பிறகு வேகமாக வருவது ஆபத்து. பல நாட்டுத் தேசிய அணிகளும் கோடையில் அங்கே வந்துதான் பயிற்சி பெறுகின்றன, ஏனென்றால் ஐரோப்பாவில் கோடையில் சறுக்க முடிந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன.

நான் சொல்ல வந்த விடயம் இங்கேதான் தொடங்குகிறது, ராஜி. 365 நாள் என்று விளம்பரம் செய்யும் அதே ஊர், 2022 ஜூலை இறுதியில் கோடைச் சறுக்கலை நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த மாரிகாலத்தில் பனி குறைவாகப் பெய்திருந்தது, மார்ச்சில் சகாராப் பாலைவனத்துத் தூசி காற்றோடு வந்து பனியின்மேல் படிந்து, அதை வெயிலைக் குடிக்கும் மங்கல் நிறமாக்கிவிட்டது, அதற்குமேல் வெக்கை. அந்த ஜூலையில் ஓர் இரவு, சுவிஸுக்கு மேலே வெப்பம் பூச்சியத்துக்கு இறங்க 5184 மீற்றர்வரை போகவேண்டியிருந்ததாம். மாட்டர்ஹோர்னே 4478 மீற்றர்தான். மேலே மூடியிருந்த பனி உருகினால் பனியாற்றின் வெடிப்புகள் வாயைத் திறக்கும். அதன்மேல் யாரைச் சறுக்க விடுவது? 2022இல் சுவிஸின் பனியாறுகள் தங்கள் கனவளவில் 6 வீதத்தையும், மறு வருடம் 4 வீதத்தையும் இழந்தன. இரண்டே வருடத்தில் பத்திலொன்று போய்விட்டது.

அந்த மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குளிர் இல்லாத நாளிலும் பனி செய்யும் இயந்திரம் ஒன்றை 2008இலேயே இஸ்ரேலிய நிறுவனமொன்றிடமிருந்து செர்மாட்காரர் வாங்கிவிட்டார்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் தொழில் செய்யும் நிறுவனம் அது. வேறோரிடத்தில், ரோன் பனியாற்றுக்குள் குடைந்த குகையைக் காப்பாற்ற, கோடை முழுவதும் பனியின்மேல் வெள்ளைப் போர்வை விரித்து வைக்கிறார்கள். செர்மாட்டிலிருந்து இத்தாலிக்குள் சறுக்கிப்போகும் உலகக் கிண்ணப் போட்டியை 2022இல் பனி போதாமல் கைவிட்டார்கள். 2023இல் பனியும் காற்றும் அளவுக்கு மீறியதால் கைவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது எல்லைக்கோடு. அந்தப் பக்கத்தில் இரண்டு நாடுகளுக்கும் எல்லை, பனி இரு புறமும் சரியும் முகடுதான். பனியாறு கரைந்ததும் முகடு நகர்ந்தது, முகட்டோடு எல்லையும் நகர்ந்தது. 2023இல் இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பேசிப் புதிய கோட்டுக்கு இணங்கினார்கள். 2024 செப்டெம்பரில் சுவிஸ் அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒரு வேலிக் கதியாலை அரை அடி நகர்த்தியதற்காக உன் பெரியப்பாவும் பக்கத்து வீட்டாரும் இருபது வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். நாட்டளவில் நாம் பார்த்தவற்றை இங்கே எழுத வேண்டாம்.

அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் வடமராட்சிப் பிள்ளை ஒருவரைச் சந்தித்தேன். கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சமையற்காரர். எனக்குப் பிளேன் டீ ஊற்றித் தந்துவிட்டு, “அன்ரி, வருசம் முழுக்கப் பனி எண்டு போட்டிருப்பினம், ஆனா மே மாசமும் நவம்பரும் வந்து பாருங்கோ, கன ஹோட்டல் பூட்டிக் கிடக்கும்” என்றார். அவருடைய ஒப்பந்தமும் சீசனுக்குச் சீசன்தான். இடையில் வேலையில்லாக் காலம். உலகமே அறிந்த ஊருக்கே இப்படியென்றால், ரமணனின் கணக்கில் பன்னிரண்டு அறையும் எத்தனை மாதம் நிரம்பும் என்று எழுதியிருக்கிறான்?

உங்கள் சீசன் எது? ஏப்ரல். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது ஏப்ரலில். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. 2022 ஏப்ரலில் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும். கொழும்பிலிருந்து மலையேற ஒருவரிடமும் டீசல் இல்லை. வங்கி மட்டும் ஏப்ரல், மே என்று பார்க்காது, மாதந்தோறும் தவணை கேட்கும்.

நான் ஒன்றுமே கட்டாதே என்று சொல்லவில்லை. செர்மாட் பனியை மட்டும் நம்பிய ஊரல்ல என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 1865 ஜூலை 14ஆம் திகதி மாட்டர்ஹோர்ன் உச்சியை முதலில் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போது கயிறு அறுந்து மாண்டார்கள். அறுந்த கயிறு அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியால் உலகத்தின் கண் அவ்வூர்மேல் விழுந்தது. 1898இலேயே ஊருக்கு மேலேயுள்ள கோர்னர்கிராட் உச்சிக்கு மின்சாரப் பல்சக்கர ரயில் விட்டார்கள். உல்ரிச் இண்டர்பினன் என்ற உள்ளூர் வழிகாட்டி 370 தடவைக்குமேல் அந்த மலையில் ஏறி, 103 வயதுவரை வாழ்ந்தார். பனி இல்லாவிட்டாலும் மலை இருக்கிறது, மலையைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். எல்லாவற்றையும்விட, கோர்னர்கிராட் உச்சியிலுள்ள ஹோட்டல் ஊர்க் குடிகளின் சபைக்குச் சொந்தம். நிலத்தை அவர்கள் விடவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: காணியை ஈடு வைக்காதே. கடனில்லாமல் முடிந்தால், வீட்டின் பின்புறம் இருக்கும் பழைய கட்டிடத்தை இரண்டு மூன்று அறைகளாகத் திருத்தட்டும். லீக்ஸ் பாத்தி அப்படியே இருக்கட்டும். சீசன் பொய்த்த வருடங்களிலும் கொழும்பு லீக்ஸ் தின்றுகொண்டுதான் இருந்தது. ரமணனுக்கு இது கசக்கும். “மங்கை அன்ரிக்கு வியாபாரம் தெரியாது” என்பான். தெரியாதுதான். ஆனால் பக்கத்து விடுதிக்காரரிடம் போய், ஜூனிலும் ஒக்டோபரிலும் எத்தனை அறைக்கு விளக்கெரிந்தது என்று மட்டும் கேட்டு எழுதி வரச்சொல். அவன் கெட்டிக்காரன், எழுதும்போதே அவனுக்கு விளங்கிவிடும்.

உனக்கு டொப்ளரோன் சொக்லேட் வாங்கி வந்திருக்கிறேன். பெட்டியில் வழக்கமாக இருந்த மாட்டர்ஹோர்ன் படம் இருக்காது, தேடாதே. தயாரிப்பின் ஒரு பகுதி சுலோவாக்கியாவுக்குப் போனதால், சுவிஸ் சட்டப்படி அந்த மலையைப் போடமுடியாது என்று 2023இல் படத்தை மாற்றுவதாக அறிவித்துவிட்டார்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ரயிலில் நானுஓயா வருகிறேன், அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் தப்பியிருந்தால் கொண்டு வருவேன்.

அதற்குமுன் வங்கி கொடுத்த பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. என் தம்பியின் மகள் சட்டத்தரணி. வட்டி விபரத்தை அவளுக்குக் காட்டுகிறேன். சென்ற முறை நீ அனுப்பிய படத்தில் உன் கட்டைவிரல் மட்டும்தான் தெளிவாக இருந்தது. இந்த முறை ரமணனையே எடுக்கச் சொல்.

அன்புடன்,
மங்கை