இணையதளத்தைப் புதுப்பிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் மென்பொருளின் இணையதளத்தைப் புதிதாக வடிவமைக்கப் போகிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி. நிறமும் சின்னமும் முடிவாவதற்கு முன்பே ஒரு கோரிக்கை. பதிவிறக்கப் பக்கமும் உதவிப் பக்கங்களும், உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட ஓடாமலே முழுதாக வேலை செய்ய வேண்டும். மற்ற அலங்காரமெல்லாம் அப்புறம் சேரட்டும்.

பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் ஹெச்டிஎம்எல் குறியோ தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதியோ தெரியாததாக இருந்தால் பழைய உலாவி பேசாமல் தாண்டிப் போய்விடும். பக்கம் கொஞ்சம் வெறுமையாகத் தெரியும், ஆனால் படிக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி விடாது. புதிய இலக்கணத்தில் எழுதிய ஒரே வரி புரியாவிட்டாலும் அந்தக் கோப்பே ஓடாது. பக்கம் முழுவதையும் அந்தக் கோப்பை நம்பி வைத்திருந்தால், வருகிறவருக்கு வெள்ளைத் திரைதான். விண்டோஸ் 7-இல் குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. புதுக் கணினி வாங்க வழியில்லாத பலர் கட்டற்ற மென்பொருளைத்தான் தேடி வருகிறார்கள். அவர்களிடம் போய் "உலாவியைப் புதுப்பியுங்கள்" என்று சொல்லி என்ன பயன்?

இப்போதுள்ள பதிவிறக்கப் பொத்தானையே பாருங்கள். அது நிறம் பூசிய வெறும் டிவ், அதாவது பொத்தான் என்ற அடையாளமே இல்லாத பெட்டி. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் அதில் நிற்காது. பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானும் அதைப் பொத்தான் என்று சொல்லாது, எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும். சாதாரண இணைப்பாகப் போட்டிருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இருக்காது. முகவரியை நகலெடுத்து வேறு கருவியில்கூட இறக்கிக்கொள்ளலாம். டேப் அழுத்தும்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும் கோட்டையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அதுதான் வழி.

அப்புறம் அந்த வெளிறிய சாம்பல் எழுத்து. வெள்ளைப் பின்னணியில் #999999 நிறத்தின் ஒளிமாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 2.85:1 அளவுதான். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யின் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்தில் குறைந்தது 4.5:1 வேண்டும். #767676 என்று மாற்றினாலே அதைத் தொட்டுவிடலாம்.

பழைய உலாவிக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் மூடியே இருக்கட்டும். எல்லா உலாவியிலும் தளம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றும் கேட்கவில்லை. படிக்கவும் இறக்கவும் முடிந்தால் போதும்.

சோதனைப் பதிப்பு தயாரானதும் சொல்லுங்கள். என்விடிஏ, ஓர்கா என்ற திரை வாசிப்பான்கள் இரண்டிலும் நானே ஓட்டிப் பார்த்து வழுக்களைப் பதிகிறேன்.

அன்புடன்,
உங்கள் பயனர் ஒருவர்