கண்மாய் மீன்பாசிக் குத்தகைக்காரர்களுக்கு, மழைக்கு முன் ஒரு மடல்

கண்மாய்களில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசிக் குத்தகையை, எடுத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

கார்த்திகை, மார்கழியில் விரால் உடம்பெல்லாம் புண்ணாகிக் கரை ஒதுங்கினால் உடனே மருந்துக்கு ஓடுகிறோம். மருந்து வாங்கும் காசில் பாதியை மழைக்கு முன்பே செலவழியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்தப் புண்நோய் 1971இல் ஜப்பானில் தெரியவந்தது. 1988 வாக்கில் இந்தியாவுக்குள் நுழைந்தது. அபனோமைசிஸ் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் காரணம். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திவந்து, அடிபட்ட தோலில் ஒட்டி, சதைக்குள் இறங்குகின்றன. பாக்டீரியா சேருவது அதற்குப் பிறகுதான். ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் மூலக் கிருமியைத் தொடாது.

விரால் சுலபமாக விழுந்துவிடும், ஜிலேபிக் கெண்டை தாங்கும். அது இனத்தின் குணம், சரி. ஆனால் மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது. மீனின் மேலுள்ள வழவழப்பில் கிருமியைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. முரட்டு வலையில் உரசினாலும், காய்ந்த கையால் அள்ளினாலும் அது போய்விடும், செதிலும் உதிரும். கோழி எருவை அளவில்லாமல் கொட்டினால் அமோனியா செவுளை அரிக்கும்; விடியற்காலையில் ஆக்சிஜனும் குறையும். நெருக்கடியில் தவிக்கும் மீனின் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும். அந்த நேரம் பார்த்து மழையில் தண்ணீர் குளிர்ந்தால், மீன் இன்னும் மந்தமாகிறது. இந்த நுண்ணுயிருக்கோ அந்தக் குளிர்ச்சிதான் தோது.

குஞ்சு விடும் நாளில்தான் நாம் அதிகம் அவசரப்படுகிறோம். ஆக்சிஜன் பையை அப்படியே பிரித்துக் கொட்டாதீர்கள். கால் மணி நேரமாவது பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அப்புறம் கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கலந்து, குஞ்சு தானாக வெளியே நீந்திப் போக விடுங்கள். பெரிய கண்மாய் முழுக்கச் சுண்ணாம்பு போட முடியாதுதான். குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்துக்காவது தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். வலையை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த கண்மாய்க்குக் கொண்டுபோங்கள்.

புண் கண்ட மீன் செத்தால் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கம் வீசாதீர்கள். கரைக்கு அப்பால் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உங்கள் கலுங்குத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குத்தான் போகிறது. அங்கே குத்தகை எடுத்தவருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு மீன் வளர்ப்பவன்