எக்சாஸ்ட் பட்டறை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கும் வெல்டர்களுக்கும் வணக்கம்.

சென்னை ஜி.பி. ரோடோ, புதுப்பேட்டையோ, கோவையோ, எங்கே தொழில் செய்தாலும் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) பெட்ரோல் கார் லிஃப்ட்டில் ஏறினால், நச்சுப்புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் மட்டும் கை வையுங்கள்.

"கன்வர்ட்டரைத் தூக்கிடுங்க, பிக்கப் வரும்" என்றுதான் பையன்கள் கேட்பார்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜினில் பெரும்பாலும் கூடுவது சத்தம்தான். கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சர் இருக்கிறது. நல்ல கன்வர்ட்டர் என்றால் பின் சென்சரின் அளவு அதிகம் ஆடாது. கன்வர்ட்டரே இல்லையென்றால் அதுவும் ஆட ஆரம்பிக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு., கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோடைப் பதிந்து செக் இன்ஜின் லைட்டைப் போடும். சென்சரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் மாட்டினால் லைட் அணையலாம், நச்சுப்புகை நிற்காது. புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாமல் அந்த அளவுக்குள் நிற்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் போகும். மாட்டிக்கொள்வது வண்டி ஓட்டுபவர்.

பின்னால் செய்ய வேண்டிய வேலையே ஏராளம். அதைச் சரியாகச் செய்யுங்கள்.

1.2 லிட்டருக்கு 2 இன்ச் பைப் தாராளம். 2.5 இன்ச் போட்டால் இழுவை கூடாது, சத்தம்தான் தடிக்கும். பிரஸ்ஸில் வளைத்த பைப் வளைவில் நசுங்கிவிடும், அங்கே 2 இன்ச் என்பது பேருக்குத்தான். உள்ளே தாங்கு வைத்து நசுங்காமல் வளைத்த மேண்ட்ரல் பெண்டுகளை வாங்கி வெட்டி இணையுங்கள்.

எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்) என்றால் ஆர்கான் வாயுவில் செய்யும் டிக் வெல்டிங், 308எல் ராடு, எம்.எஸ். (சாதா இரும்பு) ஃபிளாஞ்சோடு சேர்க்கும் இடத்தில் 309எல் ராடு. பைப்புக்குள்ளும் ஆர்கான் விடுங்கள். விடாவிட்டால் வெல்டின் உள்பக்கம் கறுத்துப் பொரிந்துபோய், பிறகு அங்கேதான் விரிசல் விடும். வண்டியிலேயே வைத்து வெல்டு செய்வதானால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் பைப்பிலேயே போடுங்கள். அவசரத்தில் இதை விட்டால் இ.சி.யு.வே போய்விடலாம்.

வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவது பெரும்பாலும் கேபினுக்குள் கேட்கும் 'உம்ம்' என்ற இரைச்சலுக்காக. மஃப்ளரை (சைலன்சரை) மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள், கணக்கு எளிது. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3,000 ஆர்.பி.எம்.மில் இரைகிறது என்றால் நொடிக்கு 100 அதிர்வு. சுமார் 300 டிகிரி சூட்டில் பைப்புக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் போகும். 480-ஐ 100-ஆல் வகுத்து, அதில் கால் பங்கு எடுத்தால் 1.2 மீட்டர். அந்த நீளத்தில் முனை மூடிய ஒரு பக்கப் பைப்பை மெயின் லைனில் சேர்த்தால் அந்த இரைச்சல் வெகுவாக அடங்கும். சூடு வண்டிக்கு வண்டி மாறும், அதனால் கொஞ்சம் நீளமாகவே வைத்து, ஓட்டிப் பார்த்து, பிறகு வெட்டுங்கள். மூன்று சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு என்று கணக்கிட வேண்டும்.

ஹேங்கர் ரப்பரை எடுத்துவிட்டு பைப்பை பாடியோடு இறுக்கினால், இன்ஜின் ஆடும்போது முன்னால் உள்ள ஃப்ளெக்ஸ் (வளைந்துகொடுக்கும் பைப்) கிழியும். பெட்ரோல் டேங்க் பக்கத்து ஹீட் ஷீல்டைத் தூக்கி எறியாதீர்கள். கேஸ்கட் எப்போதும் புதிது.

கசிவுச் சோதனை இல்லாமல் எந்த வண்டியையும் வெளியே விடாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால் பைப்பைத் தடித்த துணியால் பாதி அடைத்து, எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சென்சருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று இ.சி.யு. கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். கேபின் தரைக்கு அடியில் கசிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறும். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டி அது.

மஃப்ளரோ, இரைச்சலை அடக்கும் ரெசனேட்டரோ இல்லாத ஸ்ட்ரெய்ட் பைப் வேலை வந்தால் மறுத்துவிடுங்கள். பயணிகள் காருக்குத் தயாரிப்பு நிலையில் விதித்த ஒலி வரம்பு 74 டெசிபல், அந்தப் பைப் அதற்குள் வராது. கழற்றிய ஒரிஜினல் மஃப்ளரை இரும்புக் கடையில் போடாமல் உரிமையாளரிடமே கொடுத்து, மாற்றிய பாகங்களை பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இத்தொழிலின் மீது அக்கறை கொண்டவர்கள்