ரகுவுக்கு, பந்து விஷயமாக

அன்புள்ள ரகு,

சௌக்கியம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மொத்தமாகத் திட்டி அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது வேறு விஷயம். காலமெல்லாம் போஸ்டரும் அட்டைப்படமும் போட்டவன், அனிமேஷன் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். நீ சிரித்து முடி.

சொல்லித்தரும் பெண்ணுக்கு நம் பிள்ளைகள் வயசு. முதல் பாடம், துள்ளும் பந்து. அசைவு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் வைக்கிற படத்துக்குக் கீஃப்ரேம் என்று பெயர். மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டரையே போடவிட்டாள். பந்து லிஃப்ட் மாதிரி இறங்கியது. பிறகு அதே பந்து, அதே நேரம். படத்துக்குப் படம் உள்ள இடைவெளியை மட்டும் மாற்றினாள். உச்சியில் நெருக்கமாக, தரைப்பக்கம் வர வர அகலமாக. அவ்வளவுதான்டா, பந்துக்குக் கனம் வந்துவிட்டது! ஷேடிங் போட்டுப் போட்டு நாம் கனம் காட்டப் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்து எரிச்சலாகிவிட்டது.

கூடப் படிக்கும் பையன்கள் எதற்கெடுத்தாலும், வேகத்தைத் தானாகவே மெல்லக் கூட்டி மெல்லக் குறைக்கிற 'ஈஸ்' பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். பந்து, எழுத்து, கதவு எல்லாமே ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து நிற்கின்றன. தரையில் மோதப்போகிற பந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டா மோதும்? சொன்னால் கிழவன் என்கிறார்கள்.

கண்ணில் படம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று மூர்த்தி சார் அடித்துச் சொல்வாரே, அது அப்படி இல்லையாம். 1912இலேயே மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார். இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. பார்த்தவர்களுக்கோ ஒரே கோடு நகர்ந்தது. அசைவைக் கட்டுவது மூளைதான். அப்புறம் உன் காலண்டர் குதிரை. நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்குமே! 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்களில், பாய்கிற குதிரையின் நாலு காலும் தரையை விட்டிருக்கும்போது வயிற்றுக்கடியில் மடங்கித்தான் இருக்கின்றன. சித்ராவிடம் இதைச் சொல்லிவிட்டேன். மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது நடை பழகுகிறோம். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 படம். சாதாரண நடையில் ஒரு காலடிக்குச் சுமார் 12 பிரேம். வீட்டுக்கு வந்து அப்பாவின் நடையை வரையலாமென்று உட்கார்ந்தேன். அவர் முகத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நடை மட்டும் வரவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு காலை இழுத்து வைப்பார், நிற்பார், அப்புறம்தான் மற்றது எழும். அந்த நிற்றல் எவ்வளவு நேரம்? 6 பிரேம் வைத்தால் அவசரக்காரராகத் தெரிகிறார், 20 வைத்தால் வேறு யாரோ. எந்தப் போட்டோவிலும் இது இல்லை ரகு. வீடியோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவன் நீ. அந்த இடத்தில் உன் கை எவ்வளவு நேரம் காத்திருக்கும்? ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்து எழுது. வரைந்து மட்டும் அனுப்பாதே, உன் குதிரையைப் பார்த்தவன் நான்.

அன்புடன்,
சேகர்