மாடித்தோட்டத்துக்கு ஊருக்கு ஊர் பட்டம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மாடித்தோட்டக் கட்டுரையைப் படித்தேன். மண்கலவை பற்றியும், பைகளில் வடிகால் துளை போடுவது பற்றியும் அதில் சொல்லியிருந்தவை புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் ஆடி பிறந்துவிட்டது, தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை எல்லாவற்றையும் இப்போதே விதைத்துவிடுங்கள் என்று தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே பட்டம், அதாவது ஒரே விதைப்புப் பருவம், சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையில் பல வருடங்களாக மாடியில் காய்கறி வளர்ப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மானாவாரி நிலத்துக்குச் சொன்னது. விதை முளைத்து வேர் பிடிக்கிற சமயத்தில் மழை கிடைக்க வேண்டும் என்பது அந்த விவசாயியின் கணக்கு. மாடியில் நாம் பூவாளியில் தண்ணீர் ஊற்றுகிறோம். அதனால் நாம் பார்க்க வேண்டியவை வேறு. செடி பூக்கும்போது இரவு எவ்வளவு குளிரும்? காய் பிடிக்கும்போது அடைமழை வருமா? புயல் காலத்தில் செடி எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கும்?

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் பூக்கும். தக்காளிப் பூ பிஞ்சாக மாற இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நல்லது. சென்னையில் புரட்டாசி இரவுகள் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். செடி தளதளவென்று நிற்கும், பூ கொத்துக் கொத்தாக வரும், அத்தனையும் உதிரும். உடனே தேமோர் கரைசல், மீன் அமிலம் என்று இயற்கை ஊக்கிகளை மாற்றி மாற்றித் தெளிப்போம். சத்து போதவில்லை என்று நினைத்துப் பணத்தைச் செலவழித்துவிட்டு, கடைசியில் 'எனக்குக் கைராசி இல்லை' என்று பைகளை ஓரங்கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கையில் எந்தக் குறையும் இல்லை. விதைத்த மாதம்தான் பொருந்தவில்லை.

எங்கள் பகுதியில் தோட்டம் போடுபவர்கள் மாலையில் பூங்காவில் சந்தித்துப் பேசிக்கொள்வோம். இப்போது எங்களில் பலர் ஐப்பசியில்தான் தக்காளி விதைக்கிறோம். நாற்று வளர்க்கும் குழித்தட்டில் விதைத்து, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துக் கூரைக்கு அடியில் வைத்துவிடுவோம். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் பைகளுக்கு மாற்றினால், மார்கழி முடிவில் இரவு 21 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும்போது பூக்கும். மாசியில் காய் பறிக்கலாம்.

கோவையில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்தக் கவலை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் சேர்ந்து, ஆடியிலேயே அங்கே இரவு 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அவர் பயப்படுவது காற்றுக்குத்தான். பப்பாளிக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா, பந்தல் கயிறு தாங்குமா என்று போனில் புலம்புவார். அதே வாரம் சென்னையில் 35, 36 டிகிரி வெயிலுக்குப் பச்சை நிழல்வலையைக் கழற்ற மனம் வராமல் நாங்கள் இருப்போம். ஒரே கட்டுரை இரண்டு வீட்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

ஆடிப்பட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தல் அவரைக்கு அதைவிட நல்ல பட்டம் கிடையாது. நம் நாட்டு அவரை, பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகையிலிருந்து தை வரை காய்க்கும். அதே விதையைத் தையில் போட்டால் கொடி மட்டும் ஓடும். வெண்டையையும் ஆடித் தொடக்கத்தில் போட்டுவிட்டால், பெருமழைக்கு முன்னால் போதுமான அளவு பறித்துவிடலாம்.

சென்னைக்குப் பெரிய சோதனை வடகிழக்குப் பருவமழைதான். வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. பைகளில் இருக்கும் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும், இலை மஞ்சளாகும். அடியில் வைத்த தட்டை எடுக்க மறந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். மழை தொடங்கும் முன்பே வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தோடு கலந்து இட்டுவைப்பது நல்லது. அழுகத் தொடங்கியபின் இட்டுப் பெரிதாகப் பயனில்லை. இன்னொன்று, மழை நாளில் தேனீ வராது, மகரந்தமும் நனைந்துவிடும். அதனால் பூசணி, சுரைப் பிஞ்சுகள் பழுத்து விழும். மழை விட்டிருக்கும் நேரம் பார்த்து ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவிவிட வேண்டியதுதான். பூசணிக்கு விடியற்காலையில், சுரைக்கும் பீர்க்கனுக்கும் அந்தி நேரத்தில். பூ விரிகிற நேரம் வேறு என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மாடியில் கட்டிய நிழல்வலை அந்தக் காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், கட்டியிருக்கும் குழாயையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. இது செடியைப் பற்றிய கவலை மட்டுமல்ல, தெருவில் நடப்பவரின் தலையைப் பற்றியதும்கூட. டிசம்பரில் நாங்கள் இப்படித் தொட்டிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும்போது, ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனிக்குப் பயந்து மலர்ச்செடிகள்மேல் மிலார் என்ற காட்டுச் செடிகளை வெட்டிப் போட்டு மூடிவைக்கிறார்கள். ஒரே மாநிலம், ஒரே மாதம்!

தமிழ்நாட்டை 7 வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கையும் வருகிறது. அது வயல்காரருக்கு எழுதப்படுவது. அதிலிருந்து மாடித்தோட்டத்துக்கு வேண்டியதை எடுத்து, இரவு வெப்பம், காற்றின் வேகம், காற்றின் ஈரப்பதம் மூன்றையும் சேர்த்து, வாரம் ஒருமுறை அரைப் பத்தி போடுங்கள். கூடவே ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் தோட்டம் போடும் ஒரு வாசகர் தன் வீட்டு நிலவரத்தை நாலு வரி எழுதட்டும். பூங்காவில் நாங்கள் பேசிக்கொள்வது நாலு தெருவைத் தாண்டுவதில்லை. நாகர்கோவிலிலும் தருமபுரியிலும் இதே வாரம் என்ன பூக்கிறது, எந்தப் பூச்சி வந்திருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! புரட்டாசிக்குள் தொடங்கினால் மழைக்கு முன்பே எல்லோருக்கும் பயன்படும்.

சென்னைக்கு முதல் நாலு வரியை நானே தருகிறேன். பகலில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, கடல்காற்று உள்ளே வர மாலையாகிறது. இரண்டு நாள் இடி மழை பெய்தும் பை மண் மறுநாளே காய்ந்துவிட்டது. செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்திருக்கிறோம். அவரை விதை முளைத்து இரண்டிலை விட்டிருக்கிறது. தக்காளி விதை இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை