எம்பிஎல்எஸ் விபிஎன் தகவலை என்கிரிப்ட் செய்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல கிளைகள் உள்ள நிறுவனங்கள், சேவை நிறுவனத்தின் பகிர்ந்த நெட்வொர்க் வழியாகத் தங்கள் கிளைகளை மட்டும் தனியாக இணைக்கும் எம்பிஎல்எஸ் விபிஎன் இணைப்பு வாங்குவதைப் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்குத் தமிழில் அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரியை அப்படியே விட்டுவிட முடியாது. இந்த இணைப்பில் போகும் தகவல் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான் போகிறது, அதனால் நடுவில் யாராலும் படிக்க முடியாது என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். அது தவறு. சேவை வழங்கும் நிறுவனங்களின் நெட்வொர்க்கில் இதே விபிஎன்களை கான்ஃபிகர் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். வாடிக்கையாளரின் ரவுட்டரிலிருந்து ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கின் ஓரத்தில் இருக்கும் பிஇ ரவுட்டருக்கு வருகிறது. அது அந்தப் பாக்கெட்டின் முன்னால் இரண்டு லேபிள்களை ஒட்டுகிறது, ஒவ்வொன்றும் 4 பைட், அதில் லேபிள் எண்ணுக்கு மட்டும் 20 பிட். வெளி லேபிள் பாக்கெட்டை மறுமுனையில் இருக்கும் பிஇ ரவுட்டர் வரைக்கும் கொண்டு சேர்க்கும், உள் லேபிள் இது எந்த வாடிக்கையாளருடையது என்று அங்கே சொல்லும். நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் வெளி லேபிளை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுகின்றன, வாடிக்கையாளரின் ஐபி முகவரி அவற்றுக்குத் தெரியவும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. இவ்வளவுதான். உள்ளே இருக்கும் பாக்கெட்டை யாரும் தொடுவதில்லை, மறைப்பதில்லை. நடுவில் ஒரு லிங்க்கில் கருவி போட்டுப் பிடித்தால் 8 பைட் தள்ளி எல்லாம் வந்தது வந்தபடியே இருக்கும். இந்த வகை விபிஎன்னை வரையறுக்கும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 4364, 2006-ல் வந்தது, அதன் பாதுகாப்புப் பகுதியிலேயே இந்தக் கட்டமைப்பு என்கிரிப்ஷன் தராது, வேண்டுமானால் வாடிக்கையாளர் முனைக்கு முனை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒளித்து வைத்த விஷயம் இல்லை.

இந்தத் தவறான நம்பிக்கை வலுப்பட இன்னொரு காரணமும் உண்டு. வாடிக்கையாளர் தன் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு, வழியில் இருக்கும் ரவுட்டர்களைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்ப்பார். நடுவில் எத்தனையோ ரவுட்டர்கள் இருந்தாலும் இரண்டு மூன்று வரிதான் வரும், ஏனென்றால் ஐபி ஹெடரில் இருக்கும் டிடிஎல் மதிப்பை, அதாவது ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்ணை, லேபிளுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்று பல சேவை நிறுவனங்கள் கான்ஃபிகர் செய்துவிடுகின்றன. அதைப் பார்த்து, நமக்கென்று தனிக் கேபிள் இழுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் உள்ளே டெல்நெட், பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் பழைய மென்பொருள் எல்லாவற்றையும் நிம்மதியாக ஓட விடுகிறார்கள். உங்கள் கட்டுரை அந்த நிம்மதிக்கு அச்சிலேயே சான்று கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, என் கவலை அதுதான்.

சரி, என்கிரிப்ஷன் இல்லை என்றால் என்ன இருக்கிறது? பிரிப்பு இருக்கிறது. அது நல்ல பிரிப்பு, ஒழுங்காகச் செய்தால் ஃபிரேம் ரிலே, ஏடிஎம் (பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை) என்ற பழைய வகை நெட்வொர்க் இணைப்புகளுக்குச் சமமானது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிஇ ரவுட்டரில் தனித்தனி ரூட்டிங் டேபிள், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல் வைக்கிறோம், அதைத்தான் விஆர்எஃப் என்கிறோம். இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே 10.1.1.0 முகவரி வரிசையை வைத்திருந்தாலும் மோதாது, ஏனென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் ரூட் டிஸ்டிங்குவிஷர் என்று 8 பைட் சேர்த்து, 32 பிட் முகவரியை 96 பிட் ஆக்கித்தான், ரவுட்டர்கள் ரூட்களைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபியில் அனுப்புகிறோம். ஆனால் எந்த ரூட் எந்த விஆர்எஃப்புக்குள் நுழையலாம் என்று முடிவு செய்வது இது இல்லை. அதைச் செய்வது ரூட் டார்கெட் என்ற வேறொரு எண். இரண்டையும் ஒரே மாதிரி, 65000:101 என்ற வடிவில்தான் எழுதுவோம், பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே எண்ணையே கொடுத்துவிடுவோம், அதனால் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒருவர் இரவு மெயின்டனன்ஸ் நேரத்தில் புதுக் கிளை ஒன்றைச் சேர்க்கிறார் என்று வையுங்கள். எந்த ரூட்களை உள்ளே எடுக்க வேண்டும் என்று சொல்லும் இம்போர்ட் வரியில் 65000:101 அடிக்க வேண்டிய இடத்தில் 65000:110 அடித்துவிட்டார். ரவுட்டர் ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை அது செல்லுபடியாகும் எண். பிஜிபி செஷன் அப்படியே இருக்கும், லிங்க் எல்லாம் பச்சை, எந்த அலாரமும் அடிக்காது. ஆனால் 110 என்ற வாடிக்கையாளரின் ரூட்கள் 101-ன் விஆர்எஃப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இம்போர்ட்டில் மட்டும் தவறு என்றால் போகிற பாக்கெட்டுக்குத் திரும்பி வர வழி இருக்காது, அதனால் யாராவது "புதுக் கிளை வேலை செய்யவில்லை" என்று புகார் சொல்வார்கள், பிடித்துவிடலாம். ரூட்களை வெளியே அறிவிக்கும் எக்ஸ்போர்ட் வரியிலும் அதே எண்ணை அடித்திருந்தால் இரண்டு பக்கமும் வழி திறந்துவிடும். இரண்டு பேரும் ஒரே 10.1.1.0 வரிசையை வைத்திருந்தால், ஒருவருடைய சர்வருக்குப் போக வேண்டியது இன்னொருவரின் கிளையில் போய் விழலாம். அதில் இருப்பது என்கிரிப்ட் ஆகாத தகவல் என்றால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கையால் அடித்த ஒற்றை எண்ணில் நிற்கிற பிரிப்பு இது.

எல்லா வாடிக்கையாளர்களின் ரவுட்டர்களையும் கண்காணிக்க சேவை நிறுவனம் வைத்திருக்கும் மேலாண்மை விபிஎன் இதைவிட நுணுக்கமானது. அதற்குள் எல்லாருடைய ரூட்டும் வர வேண்டும், ஆனால் அங்கிருந்து ஒருவருடையது இன்னொருவருக்குப் போகக் கூடாது. அதனால் வாடிக்கையாளர் பக்கமிருந்து ரவுட்டரின் மேலாண்மை முகவரி ஒன்றை மட்டும் தனி ரூட் டார்கெட்டுடன் எக்ஸ்போர்ட் மேப் என்ற வடிகட்டி வழியாக அனுப்ப வேண்டும், முழு விஆர்எஃப்பையும் திறந்துவிடக் கூடாது. இதை அவசரத்தில் குறுக்கு வழியில் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கையால் அடிப்பதை நிறுத்திவிட்டு டெம்ப்ளேட்டில் போடுங்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு விஆர்எஃப்பிலும் எத்தனை ரூட் இருக்கிறது என்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு விஆர்எஃப்புக்குள் அதிகபட்சம் எத்தனை ரூட் வரலாம் என்று வரம்பு வையுங்கள். வாடிக்கையாளர் பக்கத்து இன்டர்ஃபேஸில் எம்பிஎல்எஸ்ஸைத் திறந்து வைக்காதீர்கள், அந்தப் பக்கமிருந்து லேபிள் ஒட்டிய பாக்கெட் வந்தால் பிஇ ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஒரு லேபிளை ஒட்டி அடுத்தவர் விபிஎன்னுக்குள் நுழையப் பார்க்கலாம்.

இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பவர்களுக்கும் இந்தக் கடிதம் வழியாக ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். மாணவர்கள் கட்டளைகளை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள், பிஇ-யிலிருந்து மறுமுனை பிஇ-க்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் போடுகிறார்கள், பதில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். அந்த பிங் சாதாரண ஐபியாகவே போய்ச் சேர்ந்துவிடும், லேபிள் பாதை அறுந்திருந்தாலும் பதில் வரும். ரவுட்டரின் சொந்த அடையாளமான லூப்பேக் முகவரிக்கு /32-க்குப் (ஒற்றை முகவரி) பதிலாக /24 (256 முகவரி கொண்ட வரிசை) கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். நெட்வொர்க்குக்குள் ரூட்களைப் பரப்பும் ஓஎஸ்பிஎஃப், வேறு விதமாக கான்ஃபிகர் செய்யாத வரை, எந்த மாஸ்க் கொடுத்தாலும் லூப்பேக்கை /32 என்றுதான் அறிவிக்கும், லேபிள்களைப் பகிரும் எல்டிபியோ தன் டேபிளில் இருக்கிற /24-க்கு லேபிள் கொடுக்கும், பக்கத்து ரவுட்டரிடம் /32-க்கு ரூட் இருக்கும் ஆனால் லேபிள் இருக்காது. பிங் ஜம்மென்று போகும், விபிஎன் செத்துக் கிடக்கும். இதற்கென்றே எல்எஸ்பி பிங் என்று ஒன்று இருக்கிறது, இப்போது அது ஆர்எஃப்சி 8029, அது லேபிள் பாதையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரும். அதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.

எம்டியு, அதாவது ஒரு லிங்க்கில் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, அந்த விஷயமும் இதே ரகம். 1500 பைட் பாக்கெட்டில் இரண்டு லேபிள் ஒட்டினால் 1508. நடு லிங்க் ஒன்றில் எம்டியுவைக் கூட்டாமல் விட்டிருந்தால் சின்ன பிங் எல்லாம் போகும், லாகின் பக்கம் திறக்கும், கோப்பை அனுப்பும்போது மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். வாடிக்கையாளர் மென்பொருள் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். இணைப்பை ஒப்படைக்கும் முன் முழு அளவு பாக்கெட்டை, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் ஒரு முறை அனுப்பிப் பார்த்திருந்தால் போதும்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது, பாதையைத் தொடக்க ரவுட்டரே பாக்கெட்டில் எழுதிவிடும் செக்மென்ட் ரூட்டிங் வந்துவிட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். வந்திருக்கிறது, எல்டிபி இல்லாமல் வேலை நடக்கிறது, நல்லதுதான். ஆனால் எம்பிஎல்எஸ் மேல் ஓட்டினால் உள்ளே அதே விபிஎன் லேபிள், அதே விஆர்எஃப், அதே ரூட் டார்கெட். என்கிரிப்ஷன் அதிலும் தானாக வந்துவிடாது.

அதனால் ஆசிரியரே, தயவுசெய்து அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். எம்பிஎல்எஸ் விபிஎன் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதன் தரமும் நம்பகமும் எனக்கு நன்றாகவே தெரியும். மருத்துவப் பதிவு, சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று அதில் எதை அனுப்பினாலும் கிளைக்குக் கிளை ஐபிசெக் என்ற என்கிரிப்ஷன் போட்டு அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வாசகர்கள் சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் திருத்தத்தோடு சேர்த்துப் போடுங்கள்: எங்கள் விஆர்எஃப்பில் எந்தெந்த ரூட் டார்கெட்டை இம்போர்ட் செய்திருக்கிறீர்கள், அந்தப் பட்டியலை எங்களுக்குக் காட்டுவீர்களா, கிளை ரவுட்டர்களில் ஐபிசெக் போடுவது யார் பொறுப்பு, அதன் சாவி யார் கையில் இருக்கும்?

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஒரு நெட்வொர்க் பொறியாளர்