திங்கட்கிழமை பூட்டிய வாசலில் நின்றோம்: அபுதாபி இடைத்தங்கல் ஏற்பாடு குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர், பொதுப்பணித் துறை, கும்பகோணம்.
(தற்போது முகாம்: மகள் வீடு, இங்கிலாந்து)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகம்.

நாள்: 28.11.2025

பொருள்: 17.11.2025 திங்கட்கிழமை அபுதாபி சுற்றுலா ஏற்பாட்டில் நேர்ந்த குறைபாடு. பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் மகளைப் பார்க்க இங்கிலாந்து வரும் வழியில், அபுதாபியில் ஒரு நாள் தங்கிப் போகத் தங்கள் நிறுவனத்தின் மூலம் ஏற்பாடு செய்திருந்தோம். இந்த வயதில் வழியில் இறங்கித் தங்குவது எதற்கு, விமானம் மாறிப் போய்விடலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. எனக்கு அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: லூவர் அபுதாபி அருங்காட்சியகத்தின் கூரை.

34 ஆண்டுகள் கட்டட வேலை பார்த்தவன் நான். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் தூண் எங்கே என்றுதான் என் கண் முதலில் தேடும். ழான் நூவெல் வடிவமைத்து 2017 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தக் குவிமாடத்தின் விட்டம் 180 மீட்டர். எடை சுமார் 7,500 டன். அவ்வளவு பாரத்தையும் தாங்குபவை நான்கே தூண்கள், அவையும் பார்வைக்குத் தெரியாமல் கட்டடங்களுக்குள் மறைந்திருக்கின்றன. எஃகும் அலுமினியமும் கொண்டு எட்டு அடுக்குகளாகப் பின்னிய 7,850 நட்சத்திர வடிவங்களின் இடுக்குகளில் வெயில் சல்லடையில் சலித்ததுபோல் தரையில் விழும். அந்த ஊர்ப் பேரீச்ச ஓலைக் கூரைதான் இதற்குத் தூண்டுதலாம். தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் உட்கார்ந்து, மடியில் விழும் வெயில் பொட்டுகளை எண்ணி விளையாடியவர்கள் நாங்கள். அதே ஒளியை 180 மீட்டர் அகலத்தில் காண வேண்டும் என்ற ஆசையைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்டு மாதம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து இதையெல்லாம் சொன்னேன். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அந்தக் குவிமாடத்தை வரைந்தும் காட்டினேன். தங்கள் ஊழியர் அதன் அருகே 'லூவர் – அவசியம்' என்று சிவப்பு மையால் எழுதிக்கொண்டார். நாளையும் விமானத்தையும் தேர்ந்தெடுத்தது தாங்கள்தான். எங்களுக்கு எந்த நாளாக இருந்தாலும் சரி என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு இரவு இறங்கி, செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு லண்டன் விமானம் என்று முடிவு செய்தீர்கள். திங்கட்கிழமை காலை இந்துக் கோயில், 11 மணிக்கு அருங்காட்சியகம், மாலை ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல் என்று அட்டவணை வந்தது.

திங்கள் காலை 8 மணிக்கு ஹோட்டல் வாசலில் அட்டவணையைக் கையில் வாங்கிய ஓட்டுநர், மலப்புறத்துக்காரர், வண்டியைக் கிளப்பாமலே எங்களைத் திரும்பிப் பார்த்தார். கோயிலுக்கும் இன்று விடுமுறை, அருங்காட்சியகத்துக்கும் இன்று விடுமுறை, இரண்டும் திங்கட்கிழமை திறப்பதில்லை என்றார். தங்கள் '24 மணி நேர' உதவி எண்ணை அழைத்தேன். அங்கே 8 என்றால் சென்னையில் காலை 9.30. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல் அருங்காட்சியகம் இருக்கும் சாதியாத் தீவு வரை போனோம். மூடிய வாசலுக்கு அப்பால் அந்தக் குவிமாடம் கடலோரமாகக் கவிழ்த்த தட்டுப்போல் தெரிந்தது. காவலர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளை 10 மணிக்கு வாருங்கள் என்று கனிவாகச் சொன்னார். நாளை 10 மணிக்கு நாங்கள் லண்டனில் இருப்போம். என் மனைவி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் தங்கள் அலுவலகம் பேசியது. மாற்று ஏற்பாடு என்று ஒரு வணிக வளாகத்தில் எங்களை நான்கு மணி நேரம் உட்கார வைத்தீர்கள்.

பள்ளிவாசலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 82 குவிமாடங்கள், 5,600 சதுர மீட்டருக்கும் மேலான ஒற்றைக் கம்பளம், அந்தி வெளிச்சத்தில் வெண்பளிங்கு நீலமாக மாறியது கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் பெண்கள் தலையையும் கைகளையும் மறைத்து வர வேண்டும் என்று தங்கள் அட்டவணையில் ஒரு வரி இல்லை. லண்டன் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் என் மனைவி அந்த வெயிலில் உள்ளே வந்தார்.

அடுத்தது கணக்கு. 'நுழைவுக் கட்டணம், 3 இடங்கள், 2 பேர்' என்று 9,600 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். பள்ளிவாசலுக்கு எவருக்கும் கட்டணம் கிடையாது. இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும். கோயிலும் அப்படியே. கட்டணம் உள்ளது அருங்காட்சியகத்துக்கு மட்டும், அதற்குள்ளும் நாங்கள் போகவில்லை. அப்படியானால் இந்த 9,600 ரூபாய் எதற்கு?

எங்களுக்கு எடுத்துத் தந்தது 48 மணி நேர விசா. செவ்வாய் இரவு வரை அது செல்லும். லண்டன் டிக்கெட்டைச் செவ்வாய் பிற்பகலுக்குப் போட்டிருந்தால், காலை 10 மணிக்கு அந்தக் கூரையின் கீழ் நின்றிருப்பேன். அல்லது ஒரு நாள் முன்னதாக, சனி இரவு அனுப்பியிருக்கலாம். விடுமுறை நாள் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? மொத்தமே ஒரு பகல் கையில் இருப்பவர்களுக்கு எந்த இடம் எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று பார்ப்பதுதானே முதல் வேலை? அதற்காகத்தானே தங்களிடம் வந்தோம்?

நான் கேட்பவை இவை. நுழைவுக் கட்டணம் 9,600 ரூபாயை முழுமையாகவும், அன்றைய வாகனக் கட்டணம் 7,000 ரூபாயில் பாதியையும், ஆக 13,100 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தவறு தங்களுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே அட்டவணையோடு திங்கட்கிழமைகளில் அபுதாபி செல்ல முன்பதிவு செய்திருக்கும் மற்றவர்களுக்கு இன்றே தகவல் சொல்ல வேண்டும். மூன்றில் இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துகிறேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ரசீது, அட்டவணை, அழைப்புப் பதிவு, மூடிய வாசலின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

மார்ச் மாதம் ஊர் திரும்பும்போதும் அபுதாபி வழியாகத்தான் வருகிறோம். அந்த டிக்கெட்டும் தங்களிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தவிர வேறொரு நாளில், பகல் வெளிச்சத்தில் ஐந்து மணி நேரமாவது அங்கே கிடைக்கும்படி அதை மாற்றித் தரவும். கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)